கீழே விழுந்த பிறகு விட்ட அந்த ஒரு உதை

கேள்வி: மேடம், எனக்கு வயது 23. வியாசர்பாடியில் இருக்கிறேன். பள்ளி நாளிலிருந்து கராத்தே கற்று பிளாக் பெல்ட் வாங்கியிருக்கிறேன். எஸ்.ஐ. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பத்து நாள் முன்பு, இரவு, டீக்கடை ஓரம் பைக் நிறுத்தியதில் இரண்டு பேருடன் வாய்த்தகராறு. சரி என்று வண்டியை நகர்த்தப் போனேன். ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்து முகத்தில் குத்த வந்தார். தடுத்து, முழங்கையால் அடித்தேன். அவருக்குப் பல் உடைந்தது. இன்னொருவர் ஹெல்மெட்டால் என் தலையைக் குறிவைத்து வீசினார், அது தோளில் பட்டது. அவர் முழங்காலில் உதைத்தேன், விழுந்துவிட்டார். விழுந்த பிறகும் ஆத்திரத்தில் ஒரு உதை விட்டேன். அதில் மணிக்கட்டு உடைந்துவிட்டது என்கிறார்கள். இப்போது ஸ்டேஷனில் என் மேல் புகார். பிளாக் பெல்ட் வாங்கினால் போலீசில் பதிவு செய்ய வேண்டும், கராத்தேக்காரன் கை சட்டப்படி ஆயுதம், தண்டனை இரண்டு மடங்கு என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். மாஸ்டர் சமாதானமாகப் போகச் சொல்கிறார். தங்கையும் அதே கிளாஸில் படிக்கிறாள், அவளை நிறுத்திவிடலாம் என்கிறார் அம்மா. நான் செய்தது தற்காப்பா, குற்றமா?

பதில்: தம்பி, முதலில் ஒரு எச்சரிக்கை. உங்கள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே இதை வெளியிடுகிறேன். ஆனால் எனக்கு எழுதிய இந்தக் கடிதத்தை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். நண்பர்கள் குழுவில் குரல் பதிவாகப் போடாதீர்கள். உங்கள் வழக்கறிஞரிடம் வழக்குக்காகச் சொல்வதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, அதை அவர் வெளியே சொல்லக் கூடாது. பத்திரிகைக்கு எழுதும் கடிதத்துக்கோ வாட்ஸ்அப் செய்திக்கோ அந்தப் பாதுகாப்பு கிடையாது. 'ஆத்திரத்தில் ஒரு உதை விட்டேன்' என்ற வரி நேர்மையான வரிதான். அதைச் சொல்ல வேண்டிய இடம் வக்கீல் அறை.

இனி உங்கள் நண்பர்கள் சொன்னது. பிளாக் பெல்ட் வாங்கியவர் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் இல்லை. பயிற்சி பெற்றவரின் கை கால்களை ஆயுதமாகக் கருதி இரட்டைத் தண்டனை தரும் பிரிவும் இல்லை. நம் ஊர் கிளாஸ்களில் இது தலைமுறை தலைமுறையாகச் சுற்றிவரும் கதை. இதை நம்பிய பிள்ளைகள் இரண்டு விதமாகக் கெட்டுப்போவதைப் பார்க்கிறேன். சிலர் அடிவாங்கும்போதுகூடக் கையைத் தூக்கப் பயப்படுகிறார்கள். சிலர் 'என் கையே ஆயுதம்' என்று பெருமையாக ரீல்ஸ் போடுகிறார்கள். அந்த இரண்டாவது கூட்டத்தில் நீங்கள் இருந்தால், இப்போது அதை அழிக்கத் தொடங்காதீர்கள். புகார் வந்த பிறகு சாட்சியமாகக் கூடியதை அழிப்பது தனிக் குற்றமாகப் பார்க்கப்படலாம். புதிதாக எதையும் போடாமல் இருங்கள், போதும்.

ஆனால் பயிற்சிக்குச் சட்டத்தில் மதிப்பே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். பல்லோ எலும்போ உடைவதுபோன்ற பெரிய காயத்தைச் சட்டம் கொடுங்காயம் என்கிறது. கொடுங்காயக் குற்றத்தில் நீதிமன்றம் பார்ப்பது, அடித்தவர் அந்தக் காயத்தை உண்டாக்க நினைத்தாரா, அல்லது அது உண்டாகும் என்று அறிந்திருந்தாரா என்பதை. கராத்தே அறியாத ஒருவர் கண்மூடித்தனமாக வீசிய கை தாடையில் பட்டுப் பல் உடைந்தால், 'இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது' என்று சொல்ல இடம் உண்டு. பத்து வருடம் முழங்கை அடியைப் பழகிய நீங்கள் அதைச் சொன்னால் எடுபடாது. பயிற்சி உங்களிடமிருந்து எடுத்துக்கொள்வது அந்த ஒரு சாக்கை மட்டும்தான். தற்காப்பு உரிமையை அது ஒரு துளியும் குறைப்பதில்லை.

அந்த உரிமை எங்கே இருக்கிறது? 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த தற்காப்புப் பிரிவுகள், இதில் 34 முதல் 44 வரை. 34ஆவது பிரிவு ஒரே வரியில் முடிந்துவிடும்: தற்காப்பு உரிமையைப் பயன்படுத்திச் செய்த எதுவும் குற்றமாகாது. 'குற்றம்தான், போனால் போகிறது' என்று மன்னிக்கும் பிரிவு அல்ல இது. குற்றமே இல்லை என்கிறது. உங்களை மட்டுமல்ல, முன்பின் தெரியாத இன்னொருவரைக் காப்பாற்றவும் இந்த உரிமை உண்டு.

உங்கள் சண்டையை நீங்கள் ஒரே நிகழ்ச்சியாக எழுதியிருக்கிறீர்கள். நீதிமன்றத்தில் அது மூன்று செயல்களாகப் பிரியும்.

முதல் செயல், முழங்கை அடி. வண்டியை எடுக்கப் போனவரைச் சட்டையைப் பிடித்து இழுத்து முகத்தில் குத்த வந்தவர் அவர். அடி விழும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. தாக்கும் முயற்சியாலோ மிரட்டலாலோ நியாயமான அச்சம் எழுந்த நொடியிலேயே உரிமை தொடங்கிவிடுகிறது, 40ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. எதிராளிக்குப் பல் உடைந்தது பெரிய விஷயம்தான். எலும்போ பல்லோ உடைந்தால், இடம் பெயர்ந்தால், சட்டத்தின் பார்வையில் அது கொடுங்காயம். தண்டனை ஏழு ஆண்டுவரை போகலாம். அதனால்தான் ஸ்டேஷனில் உங்களைக் குற்றவாளிபோலப் பார்க்கிறார்கள். ஆனால் காயம் எவ்வளவு பெரியது என்பதை மட்டும் வைத்து யார் பக்கம் தப்பு என்று முடிவு செய்ய முடியாது.

இரண்டாவது, முழங்காலில் உதைத்தது. இதில் உங்கள் நிலை இன்னும் வலுவானது. ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி தலையைக் குறிவைத்து வீசினார் என்கிறீர்கள். தலையில் விழும் ஒரு அடி உயிரை எடுக்கலாம். 1973இல் தேவ் நாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பேசியது. லத்தியால் தலையில் அடித்தவரை எதிர்த்து ஈட்டியைப் பயன்படுத்தியவர் வரம்பு மீறிவிட்டார் என்று உயர் நீதிமன்றம் தண்டித்திருந்தது. தலைபோன்ற இடத்தில் விழும் லத்தி அடியைச் சாதாரணமாக எடைபோட முடியாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. நீங்கள் எந்த ஆயுதமும் எடுக்கவில்லை, முழங்காலில்தான் உதைத்தீர்கள். இதற்கு நான் கவலைப்பட மாட்டேன்.

2010இல் வந்த தர்ஷன் சிங் வழக்குத் தீர்ப்பை உங்கள் வக்கீல் கட்டாயம் எடுத்துக்காட்டுவார். தற்காப்பைப் பற்றி அதுவரை வந்த தீர்ப்புகளைப் பார்த்துவிட்டு, உச்ச நீதிமன்றம் அதில் பத்துக் கருத்துகளாகத் தொகுத்துத் தந்தது. அதில் ஒன்று, தாக்கப்படும் மனிதர் தன் எதிர்ப்பைக் கணக்குப் போட்டு, படிப்படியாக அளந்து செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்பது. கோழைபோல் ஓடிப்போக வேண்டும் என்றும் சட்டம் கேட்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் தற்காப்பை அரசுத் தரப்புபோலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, இப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். இவையெல்லாம் உங்களுக்கு ஆதரவானவை.

ஆனால் அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொல்கிறது. அச்சம் இருக்கும்வரைதான் உரிமை. அச்சம் முடிந்தால் உரிமையும் முடிந்தது.

உங்கள் மூன்றாவது செயல் அங்கேதான் மாட்டுகிறது. விழுந்துவிட்டார். அப்புறம் ஒரு உதை. அந்த நொடியில் அவரால் உங்களுக்கு என்ன ஆபத்து இருந்தது? ஹெல்மெட் இன்னும் கையில் இருந்ததா? எழுந்திருக்க முயன்றாரா? முதல் ஆள் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தாரா? 'ஆம்' என்று உண்மையாகவே சொல்ல முடிந்தால் அந்த உதைக்கும் பாதுகாப்பு கிடைக்க வழி இருக்கிறது. வெறும் ஆத்திரம் மட்டும்தான் என்றால், அந்த உதை தற்காப்பாகாது. மணிக்கட்டு உடைந்ததற்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். உச்ச நீதிமன்றத்தின் ஜெய் தேவ் வழக்கிலும் சிக்கல் இதேதான். எதிர்த்து வந்த கூட்டம் ஓடத் தொடங்கிய பிறகும் சுட்டார்கள். ஆபத்து விலகிய பிறகு சுட்டதற்குத் தற்காப்பு பேச முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் விஷயத்தில் திடீர் ஆத்திரமூட்டல் என்ற வாதம் ஒன்று இருக்கிறது. அது தண்டனையைக் குறைக்கும். குற்றத்தை இல்லாமல் ஆக்காது.

இந்த இடத்தில் கிளாஸ் நடத்தும் மாஸ்டர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தடு, குத்து, உதை என்று மூன்று நான்கு அடிகளை ஒரே மூச்சில் வரும்படி பழக்குகிறீர்கள். உடம்பு அதை அப்படியே மனப்பாடம் செய்துகொள்கிறது. தெருவில் ஆபத்து முதல் அடியிலேயே முடிந்துவிட்டாலும் மீதி அடிகள் தானாக வந்துவிடுகின்றன. அடித்ததும் இரண்டு எட்டுப் பின்வாங்கி, கையைக் காட்டி, 'வராதே, போய்விடு' என்று உரக்கச் சொல்வதையும் அதே மாதிரி நூறு முறை பழக்குங்கள். அது சட்டத்துக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது. பார்த்தவர்கள் பிறகு சாட்சி சொல்லும்போது 'அந்தப் பையன் விலகிப் போகத்தான் பார்த்தான்' என்ற ஒரு வாக்கியம் வழக்கையே மாற்றும். வாரத்துக்கு மூன்று நாள் 'தற்காப்புக் கலை' என்று பலகை மாட்டி வகுப்பு எடுக்கிறோம், தற்காப்பு உரிமை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அரை மணி நேரமாவது சொல்லித்தர வேண்டாமா? சிலம்பம் சொல்லித்தரும் ஆசான்களுக்கு இது இன்னும் முக்கியம். வெறும் கையால் அடித்த காயத்துக்கும், உயிரைப் பறிக்கக்கூடிய பொருளால் அடித்த காயத்துக்கும் சட்டம் வேறு வேறு தண்டனை வைத்திருக்கிறது. கம்பால் மண்டையில் அடித்துக் கொடுங்காயம் ஆனால் 118ஆவது பிரிவுக்குப் போகும், அதில் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஆயுள்.

வேறு இரண்டு சூழ்நிலைகளையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் நண்பர்களுக்குப் பயன்படும். 'வெளியே வாடா, பார்த்துக்கலாம்' என்று இரு தரப்பும் மோதத் தயாராகிச் சேர்ந்தால் அங்கே தற்காப்பு பேச முடியாது. போய்விட்டு ஆளைத் திரட்டிக்கொண்டு திரும்பி வந்தாலும் அப்படித்தான். 1974இல் ராம் ஸ்வரூப் வழக்கில் நடந்தது கிட்டத்தட்ட இதுவே. காய்கறிச் சந்தையில் முலாம்பழம் வாங்குவதில் வாக்குவாதம், வீட்டுக்குப் போனவர் மகன்களையும் ஆயுதங்களையும் கூட்டிக்கொண்டு திரும்பினார், கொலையில் முடிந்தது. சண்டையைத் தேடிப் போனவருக்குத் தற்காப்பு உரிமை இல்லை என்றது உச்ச நீதிமன்றம். நீங்கள் வண்டியை நகர்த்தப் போனீர்கள் என்பது இதனால்தான் உங்களுக்குப் பெரிய பலம். அடுத்தது செயின் பறிப்பு, செல்போன் பறிப்பு. பறிக்கும்போது தடுக்கலாம், மடக்கிப் பிடிக்கலாம். பிடித்த பிறகு கம்பத்தில் கட்டிவைத்து அடிப்பது குற்றம். பிடித்தவரை ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டம் சொல்கிறது.

சரி, உங்கள் வழக்குக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் இல்லாதது ஒன்று இருக்கிறது: அடிபட்ட தோளுக்கு மருத்துவமனைக்குப் போனதாகவோ, புகார் கொடுத்ததாகவோ நீங்கள் எழுதவில்லை. எதிர்த்தரப்பு அன்றிரவே போய் ஏ.ஆர். காப்பி (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல்) போட்டிருப்பார்கள். இப்போது காகிதத்தில் இருப்பது அவர்கள் காயம் மட்டும். நாளைக்கே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போய், யாரால், எதனால், எப்போது அடிபட்டது என்று சொல்லித் தோளைக் காட்டுங்கள். தாமதம்தான், அதை மறைக்க வேண்டாம். வலி இன்னும் இருந்தால் எக்ஸ்ரேவில் ஏதாவது தெரியலாம். அன்று வீட்டில் யாராவது தோளைப் படம் எடுத்திருந்தால் அந்தப் படத்தை அதே போனிலேயே வைத்திருங்கள், திருத்தாதீர்கள்.

அதோடு உங்கள் தரப்புப் புகாரை எழுத்தில் கொடுங்கள், சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றதற்கு ஸ்டேஷன் தரும் ரசீது) வாங்குங்கள். ஒரே சம்பவத்தில் இரு தரப்பும் புகார் கொடுத்தால் இரண்டையும் விசாரித்து, முதலில் தாக்கியது யார் என்று பார்க்க வேண்டிய கடமை காவல் துறைக்கு இருக்கிறது. தமிழகக் காவல் நிலையாணை 566 அதற்காகவே உள்ளது. உங்கள் புகாரே இல்லையென்றால் விசாரிக்க இன்னொரு பக்கமும் இல்லை. டீக்கடையிலோ பக்கத்துக் கடையிலோ கேமரா இருந்தால் இன்றே பாருங்கள். பல கடைகளில் சில நாட்களிலேயே பழைய பதிவின் மேல் புதியது பதிவாகிவிடும், ஏற்கெனவே பத்து நாள் போய்விட்டது. கடைக்காரரிடம் சண்டை போடாமல், பதிவைக் கைப்பற்றும்படி இன்ஸ்பெக்டருக்கு எழுத்தில் மனுக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். அந்தப் பதிவில் உங்கள் கடைசி உதையும் இருக்கும்தான். இருந்தாலும் வேண்டும். ஹெல்மெட் வீச்சு அதில் இருக்கிறது. அது இல்லாமல் முதல் இரண்டு செயல்களை நிரூபிக்கும் பாரம் உங்கள் வாய் வார்த்தையின் மேல் விழும். தற்காப்பு என்ற விதிவிலக்கைக் காட்ட வேண்டிய பொறுப்பு சாட்சியச் சட்டப்படி குற்றம் சாட்டப்பட்டவருடையது.

எஃப்.ஐ.ஆர். வந்தால் அதில் நீங்கள் செய்யாததும் இருக்கலாம். ஆபாசமாகத் திட்டியது, கொலை மிரட்டல் விட்டது என்று நம் ஊர் அடிதடி வழக்குகளில் வழக்கமாகச் சேர்க்கும் பிரிவுகள் உண்டு. அதைப் பார்த்துப் பதற வேண்டாம். வெறும் கையால் கொடுங்காயம் என்ற பிரிவு ஜாமீனில் விடக்கூடியது. அந்த அளவு தண்டனை உள்ள குற்றத்துக்கு வழக்கமாக முதலில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் வர வேண்டும். வந்தால் தவறாமல் போங்கள், வக்கீலோடு போங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போலீசிடம் கொடுக்கும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்திட வேண்டியதே இல்லை.

மாஸ்டர் சொன்ன சமாதானத்தைப் பற்றி. சாதாரணமாக நானும் அதையே சொல்வேன். கொடுங்காய வழக்கையும் நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளச் சட்டத்தில் இடமுண்டு, பல்லுக்கும் கைக்கும் வைத்தியச் செலவு கொடுத்து முடித்துவிடலாம். உங்கள் விஷயத்தில் தயங்குகிறேன், காரணம் நீங்கள் எழுதப்போகும் தேர்வு. தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14(பி) என்று ஒன்று இருக்கிறது. சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும், புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனதால், அதாவது கோர்ட்டில் மாற்றிச் சொன்னதால், விடுதலையானவரையும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே அது கருதுகிறது. கௌரவமான விடுதலை அல்லது 'பொருண்மைப் பிழை' (mistake of fact) என்று போலீசே வழக்கை முடிப்பது, இந்த இரண்டும்தான் உங்களுக்கு முழுப் பலன் தரும். 'நான் பார்த்துக்கிறேன், கோர்ட்டில் மாற்றிச் சொல்ல வைக்கிறேன்' என்று யாராவது வந்தால் அது சட்டப்படியும் தவறு, உங்கள் வேலைக்கும் உதவாது. எஃப்.ஐ.ஆர். பதிவாகும் முன்பே ஸ்டேஷனில் இரு தரப்பும் எழுதிக்கொடுத்து முடிப்பது வேறு. அதற்கு இன்னும் நேரம் இருந்தால் முதலில் அதை முயலுங்கள். வைத்தியச் செலவை நீங்கள் கொடுப்பது நியாயமும்கூட, அந்தக் கடைசி உதைக்காக. ஆனால் 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்' என்ற வார்த்தை அந்தக் காகிதத்தில் வரக் கூடாது. வக்கீல் படித்த பிறகே கையெழுத்து.

உங்கள் தங்கையை நிறுத்தாதீர்கள். அம்மாவிடம் இதை நானே சொன்னதாகச் சொல்லுங்கள். பாலியல் வன்முறை, கடத்தல், ஆசிட் வீச்சு, உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச வேண்டிய தாக்குதல் போன்றவற்றில் தற்காப்பு உரிமை எதிராளியின் உயிரை எடுக்கும் அளவுவரை நீள்கிறது. 38ஆவது பிரிவு அது. காகிதத்தில் மட்டும் இருக்கும் பிரிவும் அல்ல. 2012இல் மதுரையில், மகளிடம் அத்துமீற முயன்ற கணவரை அடித்துக் கொன்ற பெண்ணை, அப்போதைய எஸ்.பி. அஸ்ரா கார்க் இதே உரிமையைக் காட்டி விடுவித்தார். 2021 ஜனவரியில் சோழவரம் பக்கம், கத்தியைக் காட்டி அத்துமீற வந்த உறவினரை அதே கத்தியால் குத்திய 19 வயதுப் பெண்ணையும் திருவள்ளூர் போலீசார் தற்காப்பு என்றே விடுவித்தார்கள். பெண்பிள்ளைக்கு அந்த நேரத்தில் கையும் காலும் இயங்க வேண்டும். அதற்குத்தான் பயிற்சி. ஆபத்திலிருந்து விடுபட்டதும் 112க்கோ 181க்கோ போன் செய்ய வேண்டும் என்பதையும் அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கடைசியாக, தேர்வு விண்ணப்பம். 'உங்கள் மேல் குற்ற வழக்கு ஏதும் உள்ளதா' என்ற கேள்வி வரும். எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருந்தால் 'ஆம்' என்றே எழுதுங்கள், எண்ணையும் நிலையத்தையும் குறிப்பிடுங்கள். வழக்கு இருப்பதால் ஒரு வேளை இந்த முறை வாய்ப்புப் போகலாம். பிறகு கௌரவமாக விடுதலையானால் அடுத்த தேர்வில் நீங்கள் உரிமையோடு கேட்க வழி இருக்கிறது. மறைத்துவிட்டுப் போலீஸ் விசாரணையில் சிக்கினால், வழக்கில் ஜெயித்திருந்தாலும் மறைத்த காரணத்துக்காகவே வேலை போகலாம். அவதார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகவே பேசியிருக்கிறது. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அவரைப் பார்க்கப் போகும்போது ஸ்டான்லியில் கொடுத்த சீட்டு, சி.எஸ்.ஆர். ரசீது, கேமரா பதிவுக்குக் கொடுத்த மனுவின் நகல் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். அந்தக் கடைசி உதை உட்பட எதையும் மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.